பெண் பாம்பு பருவத்துக்கு வந்துவிட்டதா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், பெண் பாம்பை எப்போது ஆணோடு விடுவது என்று. அதனால் தோல் உரியவில்லை, தீனி தொடவில்லை வகையறாக் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதையே முழுசாக எடுத்துக்கொள்கிறேன். எந்தப் பாம்பை வளர்க்க அனுமதி உண்டு, எதற்கு உரிமம் வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதை விசாரித்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. இங்கே பேசுவதெல்லாம் சட்டப்படி வளர்க்கப்படும் விஷமில்லாத பாம்புகளைப் பற்றித்தான்.

கேள்வி: அண்ணே, என்னிடம் ஒரு பெண் பால் பைத்தான் இருக்கிறது. வயது ஒன்றரை, எடை 1,150 கிராம். ஆண் 700 கிராம், அது தயார் என்பதில் சந்தேகமே இல்லை, ராத்திரி முழுக்கக் கூண்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது, தீனியைக்கூடத் தொடவில்லை. பெண் 1,200 தாண்டினால் போதும் என்று ஒருத்தர் சொல்கிறார், 1,500 என்கிறார் இன்னொருத்தர். யாரை நம்புவது?

பதில்: தம்பி, இப்போதைக்கு அந்த ஆணை மட்டும் நம்பாதீர்கள். ஆண் 600, 700 கிராமிலேயே தயாராகிவிடும், விந்தணு தயாரிக்க அதற்குப் பெரிய செலவு கிடையாது. செலவு முழுக்கப் பெண் தலையில் விழுகிறது. பால் பைத்தான் (குடிக்கிற பால் இல்லை, பந்து, பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்தாகச் சுருண்டுவிடும், அதனால் அந்தப் பெயர்) சராசரியாக ஆறு முட்டை போடும், அத்தனையும் சேர்ந்தால் தாயின் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை போய்விடலாம். அவ்வளவு மஞ்சள் கருவும் எங்கிருந்து வரும்? வயிற்றுக்குள் நீளவாக்கில் கிடக்கும் கொழுப்புத் திட்டுகளிலிருந்துதான் பெரும்பகுதி. சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது, அது கல்லீரலை முடுக்குகிறது, கல்லீரல் வைட்டலோஜெனின் என்ற புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் அனுப்புகிறது, கருமுட்டைகள் அதை இழுத்து இழுத்துப் பெருக்கின்றன. கையிருப்பு இல்லாத பாம்பில் இந்த வேலை பெரும்பாலும் தொடங்கவே தொடங்காது, தப்பித்தவறித் தொடங்கிவிட்டால் முதுகுச் சதையைக் கரைத்துத்தான் நடக்கும்.

இது வளர்ப்பவர்கள் கட்டிவிட்ட கதை இல்லை. ஃபிரான்ஸில் சேவியே போனே, கி நொல்லோ போன்ற ஆய்வாளர்கள் ஆஸ்பிக் விரியன் என்ற ஐரோப்பிய விஷப் பாம்புகளை வருஷக்கணக்கில் பிடித்து, அளந்து, எடை போட்டு, திரும்ப விட்டுப் பார்த்தார்கள். உடம்பில் சேமிப்பு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டாத பெண், எத்தனை ஆண்கள் சுற்றி வந்தாலும் அந்த வருஷம் கருமுட்டை வளர்ப்பதே இல்லை. சேமிப்பு சேர இரண்டு மூன்று வருஷம் ஆனாலும் காத்திருக்கிறது. கூண்டுப் பாம்புக்கும் உள்ளே இதே கணக்குதான், நாம்தான் தீனியைக் கொட்டிக் கொட்டி அந்தக் கணக்கைக் குழப்புகிறோம்.

அதனால் எண் கேட்டால் 1,500 கிராமும் மூன்றாவது வயதும், இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். வாரா வாரம் திணித்து ஒன்றரை வருஷத்தில் ஏற்றிய 1,500 வேறு, நிதானமாக மூன்று வருஷத்தில் வளர்ந்த 1,500 வேறு. முன்னதில் பாதி கொழுப்பு, முட்டையை நெட்டித் தள்ளச் சதை இருக்காது. உடம்பைப் பாருங்கள்: குறுக்கே வெட்டினால் முனை மழுங்கிய முக்கோணம்போல இருக்க வேண்டும், முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் ஆனால் துருத்தக் கூடாது. சும்மா படுத்திருக்கும்போதே செதில்களுக்கு நடுவே தோல் தெரிந்தால், எச்சத்துளைக்குப் பக்கத்தில் மடிப்பு விழுந்தால், அது பருமன்.

நானும் உங்களை மாதிரி அவசரப்பட்டவன்தான். ஆரம்ப காலத்தில் 1,200 கிராமுக்கு ஒரு பெண்ணை ஆணோடு விட்டேன். நாலு முட்டை போட்டது, இரண்டு கூமுட்டை. அதற்கப்புறம் ஐந்து மாதம் வாயைத் திறக்கவில்லை, முதுகெலும்பு கத்தி மாதிரி எழுந்து நின்றது, பழைய எடைக்கு வர ஒன்றரை வருஷம் பிடித்தது. காத்திருந்தால் அதே ஒன்றரை வருஷத்தில் நல்ல ஈடு ஒன்று கிடைத்திருக்கும். உங்கள் பாம்பு அடுத்த வருஷமும் உங்கள் பாம்புதான், 20, 30 வருஷம் வாழப்போகிற பிராணிக்கு ஒரு வருஷம் பெரிய விஷயமே இல்லை.

கேள்வி: வயிற்றைத் தடவினால் கருமுட்டை தெரியும் என்கிறார்களே சார், எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. எப்படித் தடவுவது?

பதில்: முதல் பத்துத் தடவை எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைசித் தீனி கொடுத்து ஒரு வாரமாவது ஆகியிருக்கட்டும், எச்சமும் போட்டிருக்கட்டும். பாம்பை ஒரு கையில் ஊர விடுங்கள், மறு கை விரல்களை வயிற்றுக்கு அடியில் லேசாக ஏந்தி வையுங்கள். விரலை ஆட்டாதீர்கள், அழுத்தாதீர்கள், பாம்பு தன் பாட்டில் விரல்மேல் வழுக்கிக்கொண்டு போகட்டும். உடம்பின் பாதியைத் தாண்டி, வாலுக்கு முன்னால் இருக்கும் பகுதியில்தான் கவனம் வேண்டும். பாம்புக்குச் சினைப்பைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்காது, உடம்பு ஒடுக்கம் என்பதால் வலப்பக்கத்தது கொஞ்சம் முன்னாலும் இடப்பக்கத்தது பின்னாலும் இருக்கும். அங்கே வந்ததும், ஈரத் துணிக்கு அடியில் பாசிமணிச் சரத்தை இழுத்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி டக், டக், டக் என்று விரல்மேல் ஏறி இறங்கும். ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக. நாட்கள் போகப்போகப் பாசிமணி கோலிக்குண்டாகும்.

ஒற்றையாக ஒரு கட்டி, அதுவும் வால் பக்கமாக, கல் மாதிரி இருந்தால் அது மலமோ கெட்டியான யூரிக் உப்போதான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஒரு கார்ன் ஸ்நேக் (விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) சினையாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி, முட்டையிடப் பெட்டி செய்து, பாசியெல்லாம் நனைத்து வைத்தேன், கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் விட்டதும் 'சினை' மொத்தமும் தண்ணீரோடு போய்விட்டது. அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது.

அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், கருமுட்டை உள்ளே உடைந்தால் மஞ்சள் கரு வயிற்றறைக்குள் கசிந்து அழற்சியாகி உயிருக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் ஸ்கேன் எடுங்கள். அல்ட்ராசவுண்டில் குட்டிக் கருமுட்டை கறுப்பு வட்டமாகத் தெரியும், மஞ்சள் கரு சேரச் சேரச் சாம்பல் நிறமாகும், மில்லிமீட்டர் கணக்கில் அளந்தும் சொல்வார்கள். பால் பைத்தானில் 10 மில்லிமீட்டரிலேயே நிற்கிறது என்றால் அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. 20 தாண்டி, ஒவ்வொரு ஸ்கேனிலும் பெரிதாகிக்கொண்டே வந்தால் பாம்பு காரியத்தில் இறங்கிவிட்டது என்று அர்த்தம். 30 தாண்டி 40ஐ நெருங்கும் சமயத்தில் சினைப்பையிலிருந்து கருமுட்டைகள் வெளியே வரும் நாள் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் ஒரு ஸ்கேனை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். பாதி வளர்ந்த கருமுட்டைகளை, நிலைமை சரியில்லை என்று தோன்றினால் பாம்பு திரும்ப உடம்புக்குள்ளேயே கரைத்துக்கொள்ளும். மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் போகிற திசை தெரியும்.

கேள்வி: அங்கிள், எனக்கு 14 வயது. எங்கள் வீட்டுப் பெண் பால் பைத்தான் மூன்று வருஷமாக இருக்கிறது, 1,700 கிராம். போன மாதம்வரை கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டது, இப்போது ஆறு வாரமாகத் தொடவில்லை. வெப்பமான மூலையை விட்டுவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றியே படுத்திருக்கிறது. அப்பா உடம்பு சரியில்லை என்கிறார். நான் அது முட்டை போடப் போகிறது என்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: கண்ணு, முதலில் தராசை எடு. ஆறு வாரம் முன்னால் எடை குறித்து வைத்திருக்கிறாயா? வைத்திருந்தால் உனக்கும் அப்பாவுக்கும் நடுவில் தராசே பஞ்சாயத்து பண்ணிவிடும். கருமுட்டை வளர்க்கும் பாம்பு பட்டினி கிடந்தாலும் எடை அவ்வளவாகக் குறையாது, கையிருப்பைக் கொழுப்பிலிருந்து கருமுட்டைக்கு இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எடை சரசரவென்று இறங்கினாலோ, வாயோரத்தில் நுரையோ சளியோ இருந்தாலோ, மூச்சு விடும்போது சத்தம் கேட்டாலோ, தலையை மேலே தூக்கியபடியே இருந்தாலோ அப்பா சொல்வதுதான் சரி, உடனே மருத்துவரிடம் போங்கள்.

இதெல்லாம் இல்லையென்றால் நீ சொல்வதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது. நீ பார்த்திருப்பது அச்சு அசலான அடையாளம்: முதலில் பசி கூடும், கொடுத்ததையெல்லாம் விழுங்கும், அப்புறம் ஒருநாள் திடீரென்று மூடிக்கொள்ளும். குளிர்ந்த பக்கம் தேடும். தண்ணீர்க் கிண்ணத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டு, உடம்பின் பின்பாதியைப் பக்கவாட்டில் திருப்பி, சில சமயம் வயிறு பாதி மேலே தெரிகிற மாதிரிகூடப் படுத்திருக்கும். பார்க்கிறவர்கள் செத்துவிட்டதோ என்று பதறுவார்கள். நிறமும் கொஞ்சம் வெளுத்துத் தெளிந்து, நேற்றுத்தான் சட்டை உரித்த மாதிரி பளிச்சென்று இருக்கும்.

இதில் எதுவும் தனியாக நின்றால் சாட்சி ஆகாது. சூடு அதிகமானாலும் பாம்பு குளிர்ந்த பக்கம் போகும், தண்ணீரை விட்டு நகராமல் கிடந்தால் உண்ணி இருக்கவும் வாய்ப்பு உண்டு (கிண்ணத்தின் அடியில் கறுப்புப் புள்ளிகள் கிடக்கின்றனவா பார்). சட்டை உரிப்பதற்கு முன்னாலும் தீனி வேண்டாம் என்னும். தெர்மோமீட்டரை வைத்து வெப்பம் சரி என்று உறுதி செய், உண்ணி இல்லை, சட்டை உரிக்கிற நேரம் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழி, மிச்சம் இருப்பதுதான் விடை. ஒரு நோட்டில் தேதி, எடை, தீனி, சட்டை உரித்த நாள், எங்கே படுத்திருந்தது என்று ஒரு வரி எழுதி வா. அடுத்த வருஷம் இதே மாதத்தில் அந்த நோட்டு உனக்கு என்னைவிட நன்றாகப் பதில் சொல்லும்.

அப்புறம் ஒன்று. ஆண் இல்லாமலும் கருமுட்டை வளரும், கூமுட்டையும் போடும். அதனால் முட்டை போட்டால் குஞ்சு வரும் என்று வகுப்பில் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே.

கேள்வி: கார்ன் ஸ்நேக்குக்கும் இதே கணக்குதானா? குளிர்கால உறக்கம் கட்டாயமா?

பதில்: கணக்கு வேறு, எளிதும்கூட. மூன்று வயது, மூன்று அடி, 300 கிராம் என்று வளர்ப்பவர்கள் ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள், மோசமில்லாத வாய்பாடுதான், நான் அதில் 300ஐக் கொஞ்சம் தாண்டவே விடுவேன். குளிர் உறக்கம் இல்லாமலும் பலர் முட்டை எடுக்கிறார்கள், ஆனால் உறங்கி எழுந்த பாம்பைப் படிப்பது சுலபம். இரண்டு மூன்று வாரம் தீனியை நிறுத்திக் குடலைக் காலி செய்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் 10லிருந்து 13 டிகிரி செல்சியஸில் இருட்டில் வைத்து, மெல்ல மெல்லச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். வயிற்றில் தீனியோடு குளிரில் வைத்தால் அது செரிக்காமல் அழுகும், அதனால் தீனியை நிறுத்தும் அந்த நாட்களில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள்.

எழுந்ததும் பசியோடு இருக்கும். சின்னச் சின்னத் தீனியாக அடிக்கடி கொடுங்கள். அதற்கப்புறம் வரும் முதல் சட்டை உரிப்புக்காகக் காத்திருங்கள், பெண் தயார் என்பதற்குக் கார்ன் ஸ்நேக்கில் அதைவிடத் தெளிவான அறிவிப்பு கிடையாது. உரித்த ஒன்றிரண்டு நாளில் ஆணை விட்டால் பெரும்பாலும் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். விருப்பமுள்ள பெண் வாலை லேசாகத் தூக்கிக்கொடுக்கும், எச்சத்துளையைத் திறந்து காட்டும், மெதுவாக முன்னே ஊர்ந்துகொண்டே ஆணைத் தன்மேல் ஏற விடும். விருப்பமில்லாதது வாலைச் சாட்டை மாதிரி அடிக்கும், ஓடும், நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும். அப்படியென்றால் எடுத்துவிடுங்கள், மூன்று நாள் கழித்துப் பார்க்கலாம். நடுவில் பெண்ணுக்கு ஒரு தீனியும் போடலாம்.

இணை சேர்ந்து ஏறக்குறைய ஒரு மாதத்திலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் முட்டை வரும், அதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னால் இன்னொரு தடவை சட்டை உரிக்கும். ஈரப் பாசி போட்ட பெட்டியை அதற்கு முன்பே வைத்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு வருஷமாக ஒரு ஜோடியைச் சேர்த்து விடுகிறேன். ஒரு பிணைதலும் இல்லை, ஒரு முட்டையும் இல்லை. பெண்ணுக்கு மூன்று வயது ஆகிறது, எடையும் சரியாக இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: எது ஆண், எது பெண் என்று சரிபார்த்தீர்களா? சிரிக்காதீர்கள், இந்தக் கேள்வி வந்தால் பாதி நேரம் பதில் அதுதான், ஜோடி என்று வாங்கியது இரண்டும் பெண்ணாக இருக்கும். அனுபவமுள்ளவரிடம் கொடுத்துச் எச்சத்துளையில் சலாகை (மெல்லிய கம்பி) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களே முயல வேண்டாம், கிழித்துவிடுவீர்கள்.

இன்னொன்று, இரண்டையும் வருஷம் முழுக்க ஒரே கூண்டில் வைத்திருக்கிறீர்களா? பிரித்து வையுங்கள். பிரிந்து இருந்து சேரும்போதுதான் ஆண் விழிக்கிறது.

கேள்வி: ஆணை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே, பெண் தயாரென்றால் ஆண் விடாது, தயாரில்லை என்றால் கண்டுகொள்ளாது. எதற்கு இந்தத் தராசும் ஸ்கேனும்?

பதில்: பாதி சரி. பாம்பு உலகத்தில் சேதி எல்லாம் தோலில்தான் இருக்கிறது. 1989ல் ராபர்ட் மேசனும் அவர் சகாக்களும் சிவப்புப் பக்கவாட்டுக் கார்ட்டர் பாம்பு என்ற வட அமெரிக்கப் பாம்பில், பெண்ணின் தோலிலிருந்து அந்த வாசனைப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள், மெத்தில் கீட்டோன்கள் என்ற வகைக் கொழுப்பு. கனடாவில் மனிடோபா மாகாணத்து நார்சிஸ் குகைப் பள்ளங்களில் வசந்தத்தில் ஆயிரக்கணக்கான பாம்புகள் ஒன்றாக எழுந்து வரும், ஒரு பெண்ணைச் சுற்றி டஜன் கணக்கில் ஆண்கள் பந்தாக உருளும், எல்லாம் இந்த வாசனை படுத்தும் பாடு. ஈஸ்ட்ரோஜன்தான் இதற்குப் பின்னால் இருக்கும் கை: பிற்பாடு ஆண் பாம்புக்கே ஈஸ்ட்ரோஜன் வைத்துப் பார்த்தார்கள், மற்ற ஆண்கள் அதைப் பெண் என்று நினைத்து மொய்த்தன. அப்படியென்றால் கருமுட்டை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜனும் தோலில் மணக்க வைக்கும் ஈஸ்ட்ரோஜனும் ஒன்று. அதனால் ஆண் நாக்கை நீட்டி நீட்டி, தாடையைப் பெண்ணின் முதுகில் தேய்த்துத் தேய்த்துப் பின்தொடர்ந்தால், அதில் சேதி உண்டு. பெண் உரித்த சட்டையை ஆணின் கூண்டில் போட்டு அதன் எதிர்வினையைப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், பாம்பைச் சேர்க்காமலே துப்பறியலாம், எனக்குப் பிடித்த வழி.

மீதிப் பாதி எங்கே இடறுகிறது என்றால், இளம் ஆண் எதையும் துரத்தும். 1,150 கிராம் பெண்ணையும் துரத்தும் (முதல் கடிதக்காரர் கவனிக்கவும்). பால் பைத்தான் மாதிரிப் பாம்புகளில் கருமுட்டை முற்றுவதற்குப் பல மாதம் முன்பே இணைசேர்க்கை நடந்துவிடும், விந்தணு பெண்ணின் கருக்குழாயில் காத்துக்கிடக்கும். ஆக, சேர்ந்தது என்பதற்கும் தயார் என்பதற்கும் நடுவில் பெரிய இடைவெளி உண்டு.

ஆணை இரவல் வாங்கித்தான் விடப் போகிறீர்கள் என்றால் மூன்று மாதமாவது தனி அறையில் வைத்துப் பாருங்கள். பைத்தான்களின் மூச்சுக்குழாயைப் பாழாக்கும் நிடோ வைரஸ் வெளியே ஒன்றும் காட்டாத பாம்பிலும் இருக்கும், பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

கேள்வி: என் கிங் ஸ்நேக் ஜோடியைச் சேர்க்கப் பயமாக இருக்கிறது. ஒன்றை ஒன்று தின்றுவிடுமாமே?

பதில்: தின்னும். பாம்பு தின்னும் பாம்பு அது (நம்மூர் ராஜநாகம் இல்லை, விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு). பெண்ணுக்கு முன்னதாகவே நல்ல தீனி போட்டுவிடுங்கள், பசியோடு இருக்கும் பெண் எத்தனை பருவத்தில் இருந்தாலும் ஆணை முதலில் சாப்பாடாகத்தான் பார்க்கும். சேர்த்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போகாதீர்கள், அருகிலேயே உட்காருங்கள். கழுத்தைக் கவ்வுவது ஆணின் வழக்கம், அது பயப்பட வேண்டியதில்லை. பெண் கவ்விச் சுற்ற ஆரம்பித்தால்தான் வேலை.

கேள்வி: நேற்று ராத்திரி பார்த்தால் என் பால் பைத்தான் நடு உடம்பு வீங்கிப்போய், பெரிய இரையை முழுங்கின மாதிரி இருந்தது, வால் பக்கத்தை இறுக்கி இறுக்கி நெளிந்தது. மூன்று மாதமாகத் தீனியே கிடையாது! இன்று காலை வீக்கம் பாதி இல்லை. மருத்துவரிடம் ஓட வேண்டுமா?

பதில்: ஓட வேண்டாம், தேதியைக் குறியுங்கள். நீங்கள் பார்த்ததுதான் கருமுட்டைகள் சினைப்பையை விட்டு வெளியேறும் தருணம், பலர் வருஷக்கணக்கில் வளர்த்தும் பார்த்ததில்லை, ஏனென்றால் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். வீக்கம் உடம்பின் நடுவிலிருந்து கொஞ்சம் பின்னால் இருக்கும், இரை வீக்கம் மாதிரி முன்பக்கம் இருக்காது, தொட்டால் கல்லுக்கல்லாக இறுகியிருக்கும். தொடாதீர்கள்.

இனிக் குளிர்ந்த மூலை வேண்டாம் என்று விட்டுவிட்டு வெப்பமான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், கவனித்துப் பாருங்கள், சில நாளிலேயே இடம் மாறும். இரண்டு மூன்று வாரத்தில் சட்டை உரிக்கும். உரித்த நாளிலிருந்து ஏறக்குறைய நாலு வாரத்தில் முட்டை. ஆணை இனி விட வேண்டாம், பயனில்லை, தொந்தரவுதான். அடைகாக்கும் பெட்டியை இன்றே ஓட விட்டு 31, 32 டிகிரியில் நிற்கிறதா என்று பாருங்கள், முட்டை வந்த அன்று தெர்மோஸ்டாட் வாங்க ஓடினவர்கள் கதை எனக்கு நிறையத் தெரியும்.

முட்டை போடும்போது ஒன்றிரண்டு வெளியே வந்து மிச்சம் உள்ளேயே நின்று, ஒரு நாள் தாண்டியும் அசையாமல், பாம்பு களைத்துப்போய்க் கிடந்தால் அப்போது ஓடுங்கள். பருமனான பாம்புக்கும், தண்ணீர் போதாத பாம்புக்கும், மறைவாக முட்டையிட இடம் கிடைக்காத பாம்புக்கும் இது அதிகம் வரும்.

இதே கேள்வியைப் போவா வைத்திருக்கும் ஒருவரும் கேட்டிருந்தார். அவருக்கு: போவா குட்டி போடும் ஜாதி, வீக்கம் வந்து அடுத்த சட்டை உரித்ததிலிருந்து மூன்றரை மாதம் எண்ணிக்கொள்ளுங்கள், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பெண்ணுக்கு நாலு வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

கேள்வி: என் பெண் பாம்பு ஆண் முகத்தையே பார்த்ததில்லை, தனியாகத்தான் வளர்த்தேன். இப்போது முட்டை போட்டிருக்கிறது, அதில் இரண்டு நன்றாக வெளுப்பாக, விளக்கு பிடித்தால் ரத்தக் குழாய் தெரிகிறது. எப்படி?

பதில்: குஞ்சாக வாங்கி நீங்களே வளர்த்ததா, பெரிதாக வாங்கியதா? பெரிதாக வாங்கியதென்றால் முந்தின இடத்தில் இணை சேர்ந்திருக்கலாம். விந்தணுவைச் சேமிப்பதில் பாம்பை மிஞ்ச ஆளில்லை: ஒரு கிழக்கு டைமண்ட்பேக் கிலுகிலுப்பைப் பாம்பு ஆண் வாடையே இல்லாமல் ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டுக் குட்டி போட்டதை மரபணுப் பரிசோதனையோடு 2011ல் வெளியிட்டார்கள், அப்பன் உண்டு, பழைய அப்பன்.

குஞ்சிலிருந்து நீங்களே வளர்த்ததென்றால் விஷயம் இன்னும் சுவாரசியம். ஆணே இல்லாமல் கரு உருவாவது பாம்புகளில் உண்டு. அமெரிக்காவின் லூயிவில் விலங்குக்காட்சிசாலையில் ஒரு ரெட்டிகுலேட்டட் மலைப்பாம்பு 2012ல் இப்படித்தான் ஆறு பெண் குஞ்சுகளைக் கொடுத்தது. 2020ல் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான், 15 வருஷத்துக்கு மேல் ஆண் துணை இல்லாமல் இருந்துவிட்டு ஏழு முட்டை போட்டது. ரத்தக் குழாய் தெரிகிற இரண்டையும் புரட்டாமல், எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலாக அடைகாக்க வையுங்கள். மேலே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. எனக்கு எழுதுங்கள், ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி: போன வருஷம் என் பெண் பாம்பு ஏழு முட்டை போட்டது, ஏழும் பொரித்தது. இந்த வருஷமும் விடலாம்தானே சார்?

பதில்: போன வருஷம் ஆணோடு விடுவதற்கு முன் எடை எவ்வளவு? இன்று எவ்வளவு? கடிதத்தில் இரண்டுமே இல்லை. அந்த எடைக்குத் திரும்ப வந்து, அதிலேயே இரண்டு மாதம் நின்று, முதுகுச் சதையும் நிறைந்திருந்தால் யோசிக்கலாம். முட்டைமேல் அடையிருக்க விட்டீர்களா, எடுத்துவிட்டீர்களா என்பதும் முக்கியம். தாய் சுருண்டு அடைகாத்தால் அந்த இரண்டு மாதமும் பெரும்பாலும் பட்டினிதான். பர்மா மலைப்பாம்பெல்லாம் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதில்லை, சதையைத் துடிக்கவிட்டுத் துடிக்கவிட்டு முட்டையைச் சூடேற்றும். பால் பைத்தான் அப்படித் துடிக்காது, ஆனாலும் இறங்கி வரும்போது இளைத்துத்தான் வரும்.

பழைய எடைக்கு இன்னும் 200 கிராம் குறைவாக இருக்கிறதென்றால் இந்த வருஷம் விட்டுவிடுங்கள். ஆண் ராத்திரி முழுக்கக் கூண்டைச் சுற்றத்தான் செய்யும், சுற்றட்டும், அதற்கும் உடற்பயிற்சி வேண்டுமல்லவா.